கரடி கொண்டுபோன தேன்

"மேடம், ஒரே ஒரு வேண்டுகோள்," என்றார் சீடர். "நாளைக்கு மேடையில நீங்க எங்க மொழியில பேசாதீங்க."

"ஏன்?" என்றார் குரு.

"நீங்க பேசினா அது நொண்டுதுங்க."

"நொண்டினாலும் நடக்குதுல்லா?"

சீடர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

இருவரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். குரு, சீடர் என்றதும் வெண்தாடியையும் அரும்பு மீசையையும் நினைத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை. குருவின் பெயர் மெர்லின். நாகர்கோவில்காரர், மொழியியல் பேராசிரியர், நாற்பதை எட்டாதவர். சீடர் கெம்பன் நெல்லிமலைக்காரர். ஐம்பதைத் தாண்டிய பிறகு தபால் ஆபீஸ் வேலையை உதறிவிட்டு முனைவர் பட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்.

குரு சீடரை "அண்ணா" என்பார். சீடர் குருவை "மேடம்" என்பார்.

கெம்பன் ஆராய்வது தன் சொந்தத் தாய்மொழியை. நெல்லிமலை மொழியைப் பற்றித் தமிழில் பேசுவார், ஆங்கிலத்தில் எழுதுவார். அந்த மொழியில் மட்டும் வாய் திறக்கமாட்டார். சின்ன வயதில் அடிவாரத்துப் பள்ளியில் ஒருநாள் திறந்தார். வகுப்பே சிரித்தது. அன்றைக்கு மூடியதுதான். பாவம், அதை வெட்கம் என்று ஒப்புக்கொள்ளமாட்டார். "ஆய்வாளன் விலகி நிக்கணும்" என்பார்.

மெர்லின் விலகி நிற்கத் தெரியாதவர். பஸ் ஸ்டாண்டில் நெல்லிமலைக்காரர் யாரைக் கண்டாலும் அவர்கள் மொழியில் வலியப் போய்ப் பேசுவார். பத்துச் சொல்லில் ஆறு தப்பாக வரும். அவர்கள் சிரிப்பார்கள். இவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

"நாளைக்குக் கருத்தரங்குக்கு டீன் வர்றாருங்க," என்றார் கெம்பன். "பேசுற ஆளே இல்லாத மொழிக்கு மாலை வகுப்பு எதுக்குன்னு போன மாசமே கேட்டுட்டார். நாளைக்கு நாலு பேராவது பேசிக் காட்டலைன்னா வகுப்பு கிடையாது. எங்க மக்களோட பிள்ளைங்க கத்துக்க வேற வழியே இல்லைங்க மேடம்."

"ஆளுங்க வாறாங்களா?"

"வர்றாங்க. ஆனா வீடு வீடாப் போயி மைக்கை நீட்டிப் பாத்துட்டேன். 'மறந்துபோச்சு'ங்கிறாங்க. எல்லாரும் ஒரே பதில். அவங்களைப் பேச வைக்க என்னதான் வழி? சொல்லுங்க."

மெர்லின் எழுந்துபோய்ச் சுவரில் தொங்கிய நாட்காட்டியை ஒரு பக்கமாகச் சரித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"டீ சொல்லட்டுமா அண்ணா?"

கெம்பன் சரி என்றார். கண் சுவருக்குப் போனது. டீ வந்தது. ஒரு வாய் குடித்தார். மறுபடி சுவரைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டுப் போய் நாட்காட்டியை நேராக்கினார்.

"நான் சரி பண்ணச் சொன்னேனா?"

"சொல்லணுங்களா? கோணலா நின்னா கண்ணை உறுத்துதில்ல?"

"அதாக்கும்," என்றார் மெர்லின். டீயை ஆற்றிக் குடிக்க ஆரம்பித்தார்.

கெம்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படித்தவர்களிடம் யோசனை கேட்டால் இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கருத்தரங்கக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நெல்லிமலைக் குடும்பங்கள். கெம்பன் ஒவ்வொருவருக்கும் பொன்னாடை போர்த்தி, ஆடாமல் அசையாமல் உட்காரவைத்திருந்தார். புகைப்படத்துக்கு உட்கார்ந்த கல்யாணக் கோஷ்டி மாதிரி இருந்தார்கள். அவர்களுக்கு அடுத்த நாற்காலியில் டீன்.

கெம்பனின் உரையில் ஒரு குறையும் இல்லை. திரையில் வரைபடம் வந்தது, அட்டவணை வந்தது, உலகத்தில் எத்தனை மொழிகள் அழியும் நிலையில் உள்ளன என்ற கணக்கும் வந்தது. கடைசியில் மைக்கை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கு இறங்கினார்.

முதலில் லாரி ஓட்டும் பெள்ளன்.

"அண்ணே, நம்ம மொழியில ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

பெள்ளன் மைக்கைப் பார்த்தார். மைக் அவரைப் பார்த்தது.

"மறந்துபோச்சுங்க சார்."

அடுத்து, அரசு ஆஸ்பத்திரியில் நர்சாக இருக்கும் ரங்கி.

"எங்கம்மா இருந்தவரைக்கும் பேசுனதுங்க. இப்ப எங்க?" என்று பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

வரிசை முழுக்க இதே கதை. டீன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கெம்பன் மேடையேறித் தன் நாற்காலியில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். தன் கண்ணெதிரே கதவைச் சாத்துகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்தது.

மெர்லின் எழுந்தார். மைக்கை அணைத்தார். திரையையும் அணைக்கச் சொன்னார். பிறகு மேடையின் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார்.

"போச்சு," என்று கெம்பன் முணுமுணுத்தார்.

இனிமேல் நடந்த பேச்செல்லாம் நெல்லிமலை மொழியில். தமிழில் சொல்வது நம் வசதிக்காக.

"ஒரு கரடி பெண் கேட்கப் போச்சு," என்றார் மெர்லின்.

முன்வரிசையில் ஒரு சலசலப்பு. அந்த மலையில் இந்தக் கதையைக் கேட்காமல் தூங்கிய பிள்ளை கிடையாது.

"யார் வீட்டுக்குப் போச்சு? குரங்கு வீட்டுக்கு."

முன்வரிசை நெளிந்தது.

"குரங்கு அப்பா திண்டு போட்டு உட்கார்ந்திருக்கு. கரடி போய்..."

"முள்ளம்பன்றி," என்றது ஒரு குரல், மெதுவாக.

பெள்ளன்தான். சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

"ஆமாமா, முள்ளம்பன்றி வீட்டுக்கு," என்றார் மெர்லின். "சும்மா போகலாமா? சீர் கொண்டுபோச்சு. ஒரு கூடை மீன்."

"மீனா!" ரங்கி பொறுக்கமுடியாமல் முன்னால் வந்துவிட்டார். "எந்த ஊர்க் கரடி மீன் கொண்டுபோகும்? தேனடை! தேக்கிலையில கட்டின தேனடை!"

"சரி, தேனடை. கட்டித் தலையில வெச்சுக்கிட்டு, ஓடம் ஏறி ஆத்தைக் கடந்துச்சு."

"ஓடமும் இல்லை ஒண்ணும் இல்லை!" மூன்று நாற்காலிகளிலிருந்து ஒரே சமயத்தில் வந்தது. "விழுந்த மரத்து மேல நடந்து போச்சு!"

"நடுவுல உட்கார்ந்து ஒரு நக்கு நக்குச்சு," என்றார் பெள்ளன், இப்போது வாயைப் பொத்தாமல்.

"நடுவுல எங்க நக்குச்சு? அக்கரை போய்த்தானே நக்குச்சு!" என்றார் ரங்கி.

"உங்க ஊர்ல அக்கரை. எங்க ஊர்ல நடு மரம்."

"உங்க ஊர்க் கரடிக்கு அவ்வளவு அவசரம்!"

கூடம் சிரித்தது. மொழி தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பொன்னாடைகள் தரையில் கிடந்தன. பின்வரிசையில் செல்போனைத் தடவிக்கொண்டிருந்த கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து நின்று, "எங்க சித்தி சொல்றப்போ மூணு தடவை நக்கும்!" என்று கத்தினாள். தனக்கு ஒரு வார்த்தையும் தெரியாது என்று காலையில்தான் கெம்பனிடம் சொல்லியிருந்தாள்.

கெம்பன் நிமிர்ந்தார்.

நெல்லிமலையில் ஒரு வழக்கம் உண்டு. தப்பாகச் சொன்ன கதையை அப்படியே விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது. எழுந்தால் போகும் வழியில் கால் இடறும். கேட்டவர் யாராக இருந்தாலும் கதையை நிமிர்த்திவிட்டுத்தான் எழுந்துபோக வேண்டும்.

இது கெம்பனுக்குத் தெரியாததா? ஆய்வேட்டில் இதற்கென்றே ஓர் இயல் எழுதியிருக்கிறார், அடிக்குறிப்புகளோடு.

"முள்ளம்பன்றி வீட்டுக்கு வந்தாச்சு," என்றார் மெர்லின். கூடம் அடங்கியது. "பெண் இலையைப் பிரிச்சா. உள்ளே ஒண்ணுமில்லை. வழியிலேயே கரடி நக்கித் தீர்த்துடுச்சு. 'தேன்தான் தீர்ந்துபோச்சே, நீ போ'ன்னு பெண் சொல்லிட்டா. கரடி அழுதுகிட்டே வீட்டுக்குத் திரும்பிடுச்சு. அவ்வளவுதான் கதை."

எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டார். போகிறவர் போலத் திரும்பினார்.

முன்வரிசை வாயைத் திறந்தது. ஆனால் குரல் அங்கிருந்து வரவில்லை.

"இல்லை!"

மேடையில் கெம்பன் எழுந்து நின்றிருந்தார். சுவரில் கோணல் நாட்காட்டியைக் கண்டவர் போலத்தான் எழுந்திருந்தார்.

"இல்லை! அவ அப்படிச் சொல்லவே இல்லை!"

நெல்லிமலை மொழியில். ரொம்ப நாள் அடிக்காத கைப்பம்பு முதலில் காற்றாக விடுமே, அப்படித் திக்கியது. பிறகு கொட்டியது.

"'போ'ன்னு சொன்னது அப்பன்! அவ இல்லை! அவ கரடி பக்கத்துல வந்தா. மோந்து பார்த்தா. வயித்துல இப்படித் தட்டினா. தட்டிட்டுத் திரும்பிச் சொன்னா, 'தேன் எங்கேயும் போகலைப்பா. இதோ இங்கேதான் இருக்கு. நான் கரடியோடவே எடுத்துக்கிறேன்!'"

கூடம் அதிர்ந்தது. பெள்ளன் நாற்காலியைத் தட்டினார். ரங்கி சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். சீழ்க்கை அடித்தது யார் என்று தெரியவில்லை. பேராசிரியர்களில் ஒருவராகத்தான் இருக்கவேண்டும்.

கெம்பன் மட்டும் அசையாமல் நின்றார். தட்டிக் காட்டிய கை, தன் வயிற்றின் மேலேயே இருந்தது. அதைக் குனிந்து பார்த்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார்.

டீன் மேடைக்கு விரைந்து வந்தார். "வகுப்பைத் திங்கட்கிழமையே ஆரம்பிச்சிடுங்க," என்றார் தமிழில். "அதிருக்கட்டும், எல்லாரும் இப்படிச் சிரிக்கிறாங்களே, இவர் என்னதான் சொன்னார்? அதை முதல்ல சொல்லுங்க!"

மெர்லின் நகர்ந்து இடம் விட்டார்.

"அண்ணா, சார் கேக்காரு. சொல்லுங்க."

கெம்பன் மேடை விளிம்புக்கு வந்தார். காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தார். பக்கத்தில் தட்டி டீனையும் உட்காரச் சொன்னார்.

"ஒரு கரடி," என்று தொடங்கினார், தன் மொழியிலேயே. "பெண் கேட்கப் போச்சு."