கரிசல் தின்ற துணி

செண்பகமங்கலத்து அரண்மனையில் விகடகவி உத்தியோகம் பார்த்த பூவராகன் நான். பெரிய புத்திசாலி என்று ஊரே சொல்லும். என் மனைவி அலமேலி மட்டும் சொல்ல மாட்டாள். அவள்தானே கூடவே இருந்து பார்க்கிறாள்!

ஒருநாள் ராஜாவுக்குக் கரிசல் காட்டில் வசந்த மாளிகை கட்ட ஆசை வந்தது. அங்கே உழுகிற நூறு குடும்பங்களைத் தேரி என்ற செம்மணல் மேட்டுக்கு அனுப்பிவிடலாம் என்றார் மந்திரி சேந்தனார்.

"கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான் மண்ணை வாழவைக்கின்றன என்று இந்தப் பூவராகன் அளப்பானே! நாலு வண்டி சாணக் கரைசல் ஊற்றினால் அவை தேரியிலும் குடியேறிவிடும், மகாராஜா!"

"குடியேறாது," என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் நான்.

ராஜா முறைத்தார். "நாற்பது நாளில் அதை என் கண்ணுக்குக் காட்டு. இல்லாவிட்டால் நீயும் அவர்களோடு தேரிக்குப் போ!"

சோதித்துக் காட்டத் துணி வேண்டும். துணிக்கிடங்கின் சாவி மந்திரியிடம். கேட்டால் தருவாரா? வீட்டிலிருந்தே இரண்டு பருத்தித் துணி கொண்டுபோனேன். ஒன்றைக் கரிசலிலும் மற்றதைத் தேரியிலும் புதைத்தேன். ஒரே தொட்டிச் சாணக் கரைசலை இரண்டிலும் ஊற்றினேன். மந்திரியே காவல் போட்டார்.

அன்றுமுதல் சபையில் நான் ராஜாவின் காலில் விழவில்லை. குனியக்கூட இல்லை. நெட்டுக்குத்தலாக நின்று கும்பிட்டேன். "திமிரைப் பாருங்கள்!" என்று சேந்தனார் தினமும் போட்டுக்கொடுத்தார்.

நாற்பதாம் நாள் தோண்டினார்கள். தேரித் துணி துவைத்துக் கட்டலாம் போல முழுசாக இருந்தது. கரிசலில் நாலு நூல்தான் மிச்சம்.

"துணி எங்கே?" என்றார் ராஜா.

"கண்ணுக்குத் தெரியாதவர்கள் தின்றுவிட்டார்கள், மகாராஜா."

"இரண்டிலும் ஒரே கரைசல்தானே ஊற்றினாய்?"

"வந்த விருந்தாளிகள் ஒரே ஆட்கள்தான், வீடுதான் வேறு. கரிசல் மாவு மாதிரி நைசான மண். ஈரத்தையும் சத்தையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பெருங்கூட்டமே அங்கே குடும்பம் நடத்தும். தேரி வெறும் மணல். ஊற்றியது அப்படியே இறங்கிவிடும். காய்ந்து கிடக்கத் தெரிந்த சிலர்தான் மிஞ்சுவார்கள். யார் தங்குவது என்று மண்தான் முடிவு செய்கிறது. தேரிக்குப் போனால் அந்த நூறு குடும்பங்களுக்கும் இதே கதிதான்."

ராஜா அந்த நாலு நூலையும் வாங்கிப் பார்த்தார். பிறகு, "மாளிகை தேரியிலேயே எழும்பட்டும். அவர்கள் கரிசலிலேயே இருக்கட்டும்," என்றார். எனக்கு உயிர் வந்தது.

"ஆனால் பூவராகா, நாற்பது நாள் என் முன்னால் குனியாமல் நின்றாயே, அதற்கு என்ன பதில்?"

"திமிர் இல்லை, மகாராஜா. புதைத்தது என் கோவணங்களை. என்னிடம் மொத்தமே இரண்டுதான்."

ராஜா கிரீடம் சரியச் சிரித்தார். ஒரு கட்டுப் புதுத்துணி வரவழைத்து, குறும்பாக என் காலடியில் வைத்து, "குனிந்து எடுத்துக்கொள்," என்றார்.

சபை கலையும்வரை காத்திருந்தேன்.