கோடு போட்ட மூடி

“இன்னும் எவ்வளவு நாள் சாமியம்மா?” என்று கேட்டார் தணிகாசலம்.

சாமியம்மா முறத்தில் பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

“எதுக்கு எவ்வளவு நாள்?”

“என் பாவம் தீர.”

சாமியம்மாவின் மலை மடத்துக்குத் தணிகாசலம் வந்து நேற்றோடு மூன்று வருஷம் முடிந்தது. சுனையிலிருந்து தண்ணீர் சுமக்கும் வேலையை வந்த அன்றே கேட்டு வாங்கிக்கொண்டார். யாரும் அவரைச் சுமக்கச் சொல்லவில்லை. சாமியம்மாவைவிட அவருக்குப் பத்து வயது கூடுதல், முட்டியும் தேய்ந்துபோன மனுஷர். ஆனாலும் மழையோ வெயிலோ, நாளுக்கு நாலு குடத்தில் ஒன்று குறைந்ததில்லை.

இடுப்பிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துப் பிரித்தார்.

“ஒரு குடம் பன்னிரண்டு லிட்டர். ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டு. இதுவரைக்கும் ஐம்பத்திரண்டாயிரத்து ஐந்நூத்தி அறுபது லிட்டர் ஏத்தியிருக்கேன்.”

“சரியாப் பார்த்தீங்களா?”

“ரெண்டு தடவை.”

“அவ்வளவு லிட்டரும் சேர்ந்தா எத்தனை டிகிரி?”

தணிகாசலம் விழித்தார்.

“லிட்டரை டிகிரியா மாத்த முடியாதுங்க.”

“ஏன்?”

“லிட்டரை மில்லியா மாத்தலாம். படியா மாத்தலாம். டிகிரி சூட்டை அளக்கிறது. அது வேற, இது வேற. ஒண்ணை இன்னொண்ணா மாத்த வாய்ப்பாடே கிடையாது.”

“இன்னும் ஒரு லட்சம் லிட்டர் ஊத்தினா?”

“எவ்வளவு ஊத்தினாலும் முடியாது.”

“நல்லாத்தான் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு சாமியம்மா அடுத்த கல்லைத் தேடினார்.

தணிகாசலத்துக்குச் சுருக்கென்றது. அளவு விஷயத்தில் போயும் போயும் அவருக்கா பாடம்? பள்ளிக்கூடத்தில் இயற்பியலில் முதலாவதாக வந்தவர் அவர். இருபத்தாறு வருஷம் மெடிக்கல் ஷாப் நடத்தியவர். டாக்டர் சீட்டில் வெறும் ஐந்து என்று எழுதி, மில்லியா கிராமா என்று போடாமல் விட்டிருந்தால், போன் போட்டுக் கேட்காமல் மருந்தைத் தொடமாட்டார். அந்த வட்டாரத்தில் இதற்காகவே அவரைக் கேலி செய்வார்கள். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

“கேலி பண்றீங்க” என்றார்.

“அந்தக் குழந்தை விஷயத்தைத் திரும்பச் சொல்லுங்க.”

“முன்னாடியே சொல்லியிருக்கேனே.”

“இன்னொரு தடவை.”

அவர் சொன்னார். பலமுறை சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட கதை. அதனால் தடங்கலில்லாமல் வந்தது.

“ஒன்றரை வயசுக் குழந்தை. காய்ச்சல். மூணு வேளை ஐந்து மில்லின்னு சீட்டு. அம்மாக்காரி பேரு தெய்வானை. அந்தப் பொண்ணுக்கு மில்லியெல்லாம் புரியாது. அஞ்சு மில்லின்னா ஒரு ஸ்பூன். அதனால மாத்திச் சொன்னேன், ஒரு ஸ்பூன் குடும்மான்னு. அவ வீட்டுல இருந்ததே ஒரே ஒரு ஸ்பூன்தான். குழம்பு ஊத்துறது. அதுல இருபது மில்லி பிடிக்கும். அதுலயே குடுத்துட்டா. நாலாம் நாள் குழந்தைக்குக் கண்ணெல்லாம் மஞ்சளாச்சு. ஆறாம் நாள் போயிடுச்சு.”

“மருந்து பாட்டிலோட ஒரு சின்ன மூடி வருமே, அளந்து ஊத்த. கோடு போட்டிருக்கும்.”

“வரும்.”

“மூடி இருக்கும்போது அவ எதுக்குக் குழம்பு ஸ்பூனை எடுத்தா?”

தணிகாசலம் நோட்டை மூடினார்.

“தொலைச்சிருப்பா. விசாரணையில அப்படித்தான் முடிவாச்சு.”

“விசாரணை நடத்தினவங்க இங்க இல்ல. நீங்கதான் இருக்கீங்க.”

மூன்று வருஷமாக இந்த ஒரு கேள்விக்குப் பயந்துதான் அவர் தண்ணீர் சுமந்தார். வேர்க்க விறுவிறுக்கப் படியேறுகிறவனை யாரும் நிறுத்திக் கேள்வி கேட்பதில்லை. அது அவருக்கு வசதியாக இருந்தது.

“அந்தத் தடவை மூடியெல்லாம் தனிப் பையில வந்திருந்துச்சு” என்றார். “மச்சினன் வீட்டுக் கல்யாணம். கடையைச் சாத்துற அவசரம். உள்ளே போய் எடுத்துக் குடுக்கச் சோம்பேறித்தனம்.”

“குடுக்கல.”

“குடுக்கல.”

“விசாரணையில?”

“குடுத்தேன்னு சொன்னேன்.”

“அந்தப் பொண்ணு?”

“மூடியே இல்லைங்கன்னு அழுதா. என் பேச்சைத்தான் நம்பினாங்க. அளவுல தப்பவே மாட்டாருன்னு ஊரே எனக்குச் சாட்சி சொல்லுச்சு. அவ புருஷனும் என்னைத்தான் நம்பினான். அவளை விட்டுட்டுப் போயிட்டான்.”

சாமியம்மா முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து வந்து, அவர் காலடியில் இருந்த காலிக் குடத்தை எடுத்தார். அதைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

தணிகாசலம் கவிழ்ந்த குடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கத்தில் காது சுட்டது. அப்புறம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு மலையிறங்கினார்.

இரண்டு பஸ் மாறிப் போனார். வழி நெடுக ஒரே வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மூடியை நான் குடுக்கவே இல்லைம்மா. அவ்வளவுதான். இதைச் சொல்ல ஒரு மூச்சுகூட முழுசாகத் தேவைப்படவில்லை. பாவி, இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

தெய்வானை வாசலில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். இருபத்தைந்து வயதுக்காரி நாற்பது வயதுக்காரி போல இருந்தாள். அவரை அடையாளம் கண்டதும் சட்டென்று எழுந்து, முந்தானையில் கையைத் துடைத்தாள்.

“வாங்கய்யா. உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

“அந்த மூடியை நான் உனக்குக் குடுக்கவே இல்லைம்மா.”

அவள் புரியாமல் பார்த்தாள்.

“மருந்து மூடி. குடுத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொன்னது பொய். நீ எதையும் தொலைக்கல தாயே. தப்பு என்னோடது.”

சொல்லிவிட்டார். காலில் இருப்பதைக் கழற்றி அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று காத்திருந்தார். அப்படிச் செய்தால் அவள் காலில் விழுந்திருப்பார்.

தெய்வானை மெதுவாகத் தலையாட்டினாள்.

“இல்லைங்க. குடுத்தீங்க.”

“இல்லம்மா...”

“எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது. வெள்ளை மூடி. உள்ளார ரெண்டு கோடு போட்டிருந்துச்சு. இந்தக் கையிலதான் வாங்கினேன். முந்தானையில முடிஞ்சிக்கிட்டு வந்தேன், வழியில எங்கியோ விழுந்துருக்குது. மொதல்ல இல்லவே இல்லைன்னு நானும் சாதிச்சேன். எல்லாரும் சொல்லச் சொல்லத்தான் ஞாபகம் வந்துச்சு. இப்பவும் பொங்கலுக்கு வீடு ஒழிக்கறப்ப ஒவ்வொரு மூலையாத் தேடறேன்.”

“அந்தப் பை அப்படியே கடையில கிடந்துச்சு தெய்வானை. நான்தான் அதை எரிச்சேன். என் கையால எரிச்சேன்.”

கண்ணீர் வழிந்து கொட்டியது. அதைப் பார்த்ததும் அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷத்தில் அவளுக்காக ஒருவர் அழுது அவள் பார்த்ததில்லை.

“என் மனசு ஆறணும்னு இவ்ளோ தூரம் வந்து, உங்க மேல பழி போட்டுக்கிறீங்க” என்றாள். “நீங்க அழக் கூடாது. உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்கய்யா.”