ஆறு முட்டைகளும் கோடி கோடிக் கணக்கும்

ஏரிக் கோரைக்குள் தாழைக்கோழி என்ற நீர்ப்பறவை ஒன்று ஆறு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. அதற்கு இதுதான் முதல் முறை. காற்று கொஞ்சம் அசைந்தால்கூட எழுந்து எண்ணிப் பார்க்கும். ஆறும் இருக்கும். மறுபடி உட்காரும். மற்ற தாழைக்கோழிகள் கிட்டே வந்தால் கொத்தித் துரத்திவிடும்.

ஒருநாள் உச்சிவெயிலில் ஒரு பல்லி மூச்சிரைக்க ஓடிவந்தது. கரையிலிருக்கும் வானிலைக் கட்டடத்துச் சுவரில் குடியிருக்கும் பல்லி அது.

"தங்கச்சி, நாளைக் காலையில் பெருமழை. ஏரி ஒரு சாண் ஏறும். கூட்டை உயர்த்திக்கொள்."

பக்கத்தில் கிடந்த தவளை சிரித்தது. "பல்லி சொன்னால் பலன் உண்டே! கிழக்கே இருந்து சொன்னாயா, தெற்கே இருந்து சொன்னாயா?"

"திசையும் கிடையாது, பலனும் கிடையாது. இது எங்கள் கட்டடத்து சூப்பர் கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. நொடிக்குப் பத்துக் கோடி கோடி கணக்குப் போடும், தெரியுமா?"

"நான் ஒரு கோடியையே பார்த்ததில்லையப்பா" என்றது தவளை.

தாழைக்கோழியின் முகம் சுருங்கியது. "எனக்கு ஆறு வரைக்கும்தான் எண்ணத் தெரியும், அண்ணே. நான் எழுந்து கோரை பொறுக்கப் போனால் முட்டை ஆறிப்போகும். இத்தனை அவசரமாகப் போட்ட கணக்கு தப்பாக இருந்தால் என்ன செய்வேன்?"

பல்லி இன்னும் பெரிய எண் ஒன்றைச் சொல்ல வாயெடுத்தது. கோழி மறுபடி எழுந்து முட்டைகளை எண்ணுவதைப் பார்த்ததும் அந்த எண்ணை விட்டுவிட்டது.

"சரி, கூட்டை ஒரு சாண் உயர்த்த உனக்கு எத்தனை நேரம் ஆகும்?"

"ஒவ்வொரு கோரையாகக் கொண்டுவரணும். பொழுது சாய்ந்துவிடும். அதற்குள் முட்டையெல்லாம் ஆறிவிடும்."

"ஏரியில் இருக்கிற கோழிகள் எல்லாம் ஆளுக்கொரு கோரை கொண்டுவந்தால்?"

"நான் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிடும்."

"அந்த மிஷினின் வேகமும் அப்படித்தான். அதற்குள் குட்டிக் குட்டி மூளைகள் ஏராளம். வானத்தைத் துண்டு போட்டு ஆளுக்கொன்றாக எடுத்துக்கொள்ளும். என் பக்கம் மேகம் இப்படி நகருது, உன் பக்கம் எப்படி என்று ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும். எதுவும் பதறுவதில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றன."

"அவ்வளவு வேகம் எதற்கு?"

"ஒரு மூளை மட்டும் உட்கார்ந்து போட்டாலும் கணக்கு வரும். ஆனால் அது போட்டு முடிப்பதற்குள் மழை வந்து உன் கூட்டைக் கொண்டுபோயிருக்கும்."

கோழி முட்டைகளைக் குனிந்து பார்த்தது. "அந்தக் கணக்கு தப்பவே தப்பாதா?"

"சில நேரம் தப்பும். கூட்டை உயர்த்தியபின் மழை வராவிட்டால் உனக்கு முதுகுவலிதான் மிச்சம். உயர்த்தாமல் இருந்து மழை வந்துவிட்டால்?"

தாழைக்கோழி தயங்கவில்லை. இதுவரை யாரையும் கூப்பிடாத அது, கழுத்தை நீட்டிக் கூப்பிட்டது. "அக்காமாரே, ஆளுக்கொரு கோரை கொண்டுவாங்களேன்."

"போன வாரம் என் மண்டையில் கொத்தினவள்தானே நீ?" என்று கேட்டுக்கொண்டே முதல் கோழி ஒரு கோரையைக் கொண்டுவந்து செருகியது. பின்னாலேயே மற்றவை வந்தன. ஒரு பக்கம் அடுக்கின. முட்டைகளை மெல்ல அந்தப் பக்கம் உருட்டின. பிறகு மறுபக்கம் அடுக்கின. தாழைக்கோழி திரும்ப உட்கார்ந்தபோது முட்டைகளில் சூடு இருந்தது.

மறுநாள் விடிந்ததும் மழை கொட்டியது. ஏரி ஏறியது. கூட்டின் விளிம்புக்கு இரண்டு விரற்கடை கீழே வந்து தண்ணீர் நின்றது. தாழைக்கோழி அசையாமல் இருந்தது. அதன் வயிற்றுக்கடியில், ஒரு முட்டைக்குள்ளிருந்து யாரோ மெதுவாகத் தட்டினார்கள்.

கேட்பவரை மலைக்க வைக்கும் பெரிய எண்ணைவிட, அவருக்குப் பழகிய வேலையைக் காட்டிச் சொல்லும் சின்ன விளக்கமே ஆபத்தில் உதவும்.