கூரைப் பக்கம் ஆணி வேண்டாம்

கோத்தகிரிக்கு மேலே ஒரு சின்ன மடம். அதை நடத்திய வேதவல்லி அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது. சீடர் குலசேகரனுக்கு அறுபத்து மூன்று. மூத்தவர் என்பதால் அம்மா அவரை 'நீங்க' என்றுதான் சொல்வார். தப்பு செய்துவிட்டால் அந்த மரியாதை இன்னும் கொஞ்சம் கூடும்.

மடத்துச் சமையலறையின் ஓட்டுக்கூரை, தியான அறையின் பலகைச் சுவரில் போய் முட்டும். அந்த இடுக்கில் மழைநீர் இறங்காமல் இருக்கத் தகரம் மடித்து அடித்திருந்தார்கள். அந்த ஐப்பசியில் ஒழுக்கு அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது.

மழை விட்ட ஒரு காலையில் தகரத்தை மாற்ற இருவரும் கூரையேறினார்கள். மேலே உட்கார்ந்ததும் குலசேகரன் கேட்டார்.

"மகனை மறக்க ஒரு வழி சொல்லுங்கம்மா."

மனைவி இறந்த பிறகு திருப்பூரில் மகன் அருள்மொழியோடு போய் இருந்தவர் அவர். மகன் எந்த வேலையில் இருக்க வேண்டும், மருமகள் எந்த எண்ணெயில் தாளிக்க வேண்டும், எல்லாம் அவர்தான் சொல்வார். எட்டு மாதம் பொறுத்த மகன், கொஞ்ச நாள் தள்ளி இருங்கப்பா என்றான். இவர் ஒரேயடியாக மலையேறிவிட்டார்.

மூன்று வருஷம் ஓடிவிட்டது. இரண்டு வயதுப் பேத்தியை இன்னும் பார்த்ததில்லை. கீழே போகிற பஸ் வளைவில் ஹாரன் அடித்தால் போதும், கையில் இருக்கிற வேலை நின்றுவிடும். அவளை ஒரு தடவை தூக்கிவிட மாட்டோமா என்று கிடந்து ஏங்கினார்.

அம்மா பழைய தகரத்தைக் காட்டினார். மேலிருந்து கீழ்வரை ஒரே நீளம். சுவரிலும் கூரைச் சட்டத்திலும் சாணுக்கு ஓர் ஆணி. மடிப்பு நெடுகக் கிழிந்திருந்தது.

"யாருங்க அடிச்சது?"

"நான்தான், போன வருஷம். அசையவே கூடாதுன்னு ரெண்டு பக்கமும் அடிச்சேன்."

"ஆணியெல்லாம் நல்லா இருக்கு," என்றார் அம்மா.

பழைய தகரத்தைப் பிடுங்கிவிட்டுச் சுவர்ப் பலகைகளை நெம்பித் தளர்த்தினார்கள். ஓட்டு வரிசைக்கு ஒன்றாகச் சின்னச் சின்னத் தகரத் துண்டுகளை மடித்து, கீழ்த்துண்டின் மேல் மேல்துண்டு ஏறும்படி வைத்துக்கொண்டே போனார்கள். ஒரு பாதி பலகைக்குள் போனது, மறுபாதி கூரைமேல் படிந்தது. அம்மா சுவர்ப் பக்கம் மட்டும் ஆணி அடித்தார். குலசேகரன் பழக்க தோஷத்தில் கூரைப் பக்கம் ஓர் ஆணியை வைத்துச் சுத்தியலை ஓங்கினார். அம்மா தடுத்தார்.

"அந்தப் பக்கம் சும்மா கிடக்கட்டும்."

"கழண்டுடாதா?"

"மழையில பலகை ஊதும், வெயில்ல சுருங்கும். கூரை அதுபாட்டுக்கு இறங்கும். ரெண்டையும் இழுத்துப் பிடிச்சா தகரம்தான் கிழியும்."

மத்தியானம் பெருமழை பிடித்தது. குலசேகரன் அடுப்பருகே அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு சொட்டு விழவில்லை.

மழை நின்றதும் அம்மாவின் முன்னால் வந்து நின்றார். ஒரு கையில் டிரங்குப் பெட்டி, கக்கத்தில் சுருட்டிய படுக்கை.

"மறக்க முடியலம்மா. அவன்கிட்டயே போயிடறேன்."

அம்மா பெட்டியை வாங்கிச் சுவரோரம் வைத்தார்.

"பேத்தியைப் பாத்துட்டு வாங்க. திங்கக்கிழமை சமையல் உங்க முறை."