வால் ஆடாத எருமை

காட்டுக் குட்டையில் ஓர் எருமை கிடந்தது. அதன் முதுகில் தினமும் ஓர் உண்ணிக்கொக்கு வந்து இறங்கும். காது, கழுத்து, வயிறு என்று தேடித்தேடி உண்ணி பொறுக்கும். கொக்குக்கு வயிறு நிறையும், எருமைக்கு அரிப்பு அடங்கும். இரண்டும் அதிகம் பேசிக்கொண்டதில்லை.

கரையில் இருந்த மைனாவுக்கு இது பொறுக்கவில்லை. "இவ்வளவு செய்கிறாயே, உனக்கு அது ஒரு நாளாவது நன்றி சொன்னதுண்டா?" என்று கொக்கைக் கேட்டது.

கொக்குக்குச் சுருக்கென்றது. நேரே எருமையிடம் போய் நியாயம் கேட்டது. எருமை பாவம், "நன்றி" என்றது. இவ்வளவுதானா என்றது கொக்கு. "ரொம்ப நன்றி" என்றது எருமை. எவ்வளவு ரொம்ப என்று கொக்கு விடவில்லை. எருமை அசைபோடுவதை நிறுத்திவிட்டு யோசித்தது. பெரிய வாயைத் திறந்தது. ஒன்றும் வராமல் மூடிக்கொண்டது.

"உன் மனசில் ஒன்றுமே இல்லை!" என்று கொக்கு கோபித்துக்கொண்டு பறந்துவிட்டது.

அக்கரையில் இன்னோர் எருமை இருந்தது. "வா, மகாராணி! நீ இல்லாமல் நான் ஏது!" என்று அது வரவேற்றது. கொக்கு உச்சி குளிர்ந்து அதன் முதுகில் இறங்கியது. ஈ கடித்ததும் எருமை வாலை வீசியது. அடி கொக்குக்கு விழுந்தது. புகழ்ச்சி இனித்ததால் சில நாள் அடியைப் பொறுத்துக்கொண்டது. கடைசியில் ஓர் அடியில் சேற்றிலேயே போய் விழுந்தது. "ஈ கடித்தால் வால் ஆடத்தானே செய்யும்?" என்று எருமை சிரித்தது.

கொக்கு சேற்றிலேயே உட்கார்ந்து யோசித்தது. பழைய எருமையையும் ஈ கடித்தது. ஆனால் தான் முதுகில் இருந்தவரை அந்த வால் ஒருமுறைகூட ஆடியதில்லை. அத்தனை கடியையும் தனக்காகப் பொறுத்துக்கொண்டதா என்று நினைத்ததும் கொக்கு சேற்றை உதறிவிட்டுப் பழைய எருமையிடம் பறந்தது.

அங்கே போய்ப் பார்த்தால், உண்ணி மொய்த்து எருமையின் காது புண்ணாகியிருந்தது. மன்னிப்பு கேட்க கொக்கு அலகைத் திறந்தது. அதற்கும் ஒன்றும் வரவில்லை. எருமை காதைத் தாழ்த்திக் கொடுத்தது. கொக்கு உண்ணி பொறுக்கத் தொடங்கியது.

"இப்போதாவது ஏதாவது சொன்னதா?" என்றது மைனா.

"சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது" என்று கொக்கு வாலைக் காட்டியது. ஈக்கள் கடித்துக்கொண்டிருந்தன, வால் அசையவே இல்லை.

வாயில் வராத நன்றி இல்லாத நன்றி ஆகிவிடாது. அதைக் காதால் தேடாமல் கண்ணால் பார்க்க வேண்டும்.