அக்கரைச் சீட்டு

ஓர் ஏரி. பாதி இந்த மாநிலம், பாதி அந்த மாநிலம். கரையில் சோதனைச் சாவடி. அதில் தணிகாசலம் என்றோர் அதிகாரி. உல்லாசப் படகுக்காரன் வாயால் என்ன சொல்கிறானோ அதைத்தான் நோட்டில் எழுதுவேன் என்பது அவர் போட்ட சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை கொளஞ்சியின் படகில் புதுமணத் தம்பதியும் பெண்ணின் தாயாரும் ஏறியிருந்தார்கள். பைகளைக் கொட்டிக் கவிழ்த்துச் சோதித்தாயிற்று. "போயிட்டு வரேன் சார்" என்றான் கொளஞ்சி.

"வரேன்னா சொன்னே? வர்றவனுக்கு அந்தக் கரைச் சாவடியில கொடுத்த அக்கரைச் சீட்டு வேணும். எங்கே? இல்லேன்னா 'போறேன்'னு சொல்லு, விடறேன்."

"அந்தச் சொல்லைச் சொன்னா நாங்க இறங்கிடுவோம்ப்பா" என்றார் தாயார். "புள்ளைங்க முதல்முதலா படகு ஏறுதுங்க."

போன இரண்டு வாரமும் இப்படித்தான் சவாரி கெட்டது. கொளஞ்சி வாதாடவில்லை, துடுப்பை மடியில் போட்டு உட்கார்ந்துவிட்டான்.

பகல் ஒரு மணிக்கு அதிகாரிக்குப் பசித்தது. "ஏட்டு, சாப்பிட்டு வரேன்" என்று நோட்டோடு பக்கத்தில் இருந்த ஏட்டிடம் சொல்லித் தொப்பியை எடுத்தார்.

கொளஞ்சி எழுந்தான். "ஏட்டய்யா, எழுதிக்குங்க. ஐயா வராராம். அக்கரைச் சீட்டைக் கேளுங்க."

"டேய், நான் போறேன்டா!"

"ஐயையோ, நல்லா இருக்கிற மனுஷன் வாயில இதென்ன வார்த்தை!" என்று தாயார் பதறினார்.

அதிகாரிக்கு முகம் வெளுத்தது. "இல்லம்மா, போயிட்டு வரேன், போயிட்டு வரேன்" என்றார் அவசரமாக.

ஏட்டு பேனாவைத் திறந்தார். "போறவங்க பக்கத்துலயா, வர்றவங்க பக்கத்துலயா, எதுல எழுதட்டும், ஐயா?"

அதிகாரி கொளஞ்சியின் பயணத் தாளை வாங்கி முத்திரை குத்தினார்.

"வரேன் சார்" என்றான் கொளஞ்சி, படகைத் தள்ளியபடி.

"பார்த்துப் போயிட்டு வாப்பா" என்றார் அதிகாரி.