கையில் கொடுக்காத கூலி

ஒரு விடுகதை.

கேட்காமல் எடுக்கும். எடுத்ததற்குச் சீட்டுத் தராது. லாபம் வந்தாலும் எடுக்கும், நட்டம் வந்தாலும் எடுக்கும். ஆனால் திருட்டு இல்லை. நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அது என்ன?

யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

"மனசு நிக்க மாட்டேங்குது அம்மா" என்றார் சிவக்கொழுந்து.

மலையடிவார மடத்தில் இருந்த துறவியை எல்லோரும் அம்மா என்றே அழைத்தார்கள். ஞாயிறுதோறும் அவரிடம் தியானம் பழக வருவார் சிவக்கொழுந்து. இன்று கண்ணை மூடி உட்கார்ந்து, மூன்று முறை எழுந்துவிட்டார். பதினொரு வயது மகள் இளவேனிலும் உடன் வந்திருந்தாள்.

"என்ன ஆச்சு?"

"இவ காலேஜுக்குன்னு பத்து வருஷமா மியூச்சுவல் ஃபண்டுல மாசம் பத்தாயிரம் போடுறேன். ஆபீஸ்ல ரகோத்தமனும் போடுறார். அதே ஃபண்டு, அதே தேதி, அதே தொகை. அவருக்கு என்னைவிட ஒன்றேகால் லட்சம் கூட இருக்கு!"

"எப்படி?"

"அவர் நேரடியா போட்டார். நான் ஏஜென்ட் துரைப்பாண்டி மூலமா. ஆனா அவர் என்கிட்ட ஒரு பைசா வாங்கினதில்ல அம்மா."

"ஃபண்டு கம்பெனி அவருக்கு வருஷா வருஷம் கமிஷன் கொடுக்குது. யார் பணத்துல?"

சிவக்கொழுந்து செருப்பை மாட்டினார். கழற்றினார்.

"வருஷத்துக்கு எவ்வளவு?"

"ஒரு சதவீதம் இருக்கும். சின்னத் தொகைதான்."

"இப்ப மொத்தம் எவ்வளவு வெச்சிருக்கே?"

"இருபத்திரண்டு லட்சம்."

"இந்த வருஷத்துக்கான சின்னத் தொகையை ஏடிஎம்ல எடுத்துட்டு வா."

எடுத்து வந்தார். நாற்பத்து நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்கள்.

"துரைப்பாண்டி வீடு பக்கத்துத் தெருதானே? அவர் கையில கொடுத்துட்டு வா."

சிவக்கொழுந்து வாசல்வரை போனார். திரும்பினார். மறுபடி போனார். திரும்பினார்.

"நடைப்பயிற்சியா?" என்றார் அம்மா.

"எதுக்குன்னு கேட்டா என்ன சொல்றது?"

"பத்து வருஷமா என்ன சொன்னே?"

"அப்ப நான் கொடுக்கலையே!"

அம்மா கீரை ஆயத் தொடங்கினார்.

"நாளைக்கு அடுத்த தவணை அம்மா. அவர் மூலமா கட்டவா, நேரடியா கட்டவா? நல்ல மனுஷன். விடவும் மனசில்ல."

"பணம் யாருக்கு?"

"இவளுக்கு."

"அப்ப அவளைக் கேளு."

இளவேனில் நிமிர்ந்தாள். "அந்த மாமா என்ன வேலை செஞ்சார்ப்பா?"

"ஃபாரம் நிரப்பிக் கொடுத்தார்."

"எத்தனை தடவை?"

"ஒரு தடவை."

"அப்புறம்?"

சிவக்கொழுந்து யோசித்தார். "ஒரு வருஷம் சந்தை பயங்கரமா விழுந்துச்சு. எல்லாத்தையும் வித்துடலாம்னு இருந்தேன். போன் பண்ணி ஒரு மணி நேரம் பேசினார். 'விக்காதீங்க சார், பொறுங்க'ன்னார்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

இளவேனில் தாள்களை வாங்கிக்கொண்டாள்.

ஃபாரத்துக்கு என்று அந்த மாமாவுக்கு ஒரு தாள் எடுத்து வைத்தாள். போனுக்கு ஆறு. மீதி முப்பத்தேழையும் தன் பையில் போட்டாள். நாளைய தவணையை நேரடியாகக் கட்டச் சொன்னாள்.